டீச்சர் வெட்டவிடாத வரி

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் விளம்பரத் துறை இளைஞர்கள் ஓசூரில் கூட்டம் போட்டு, எங்களைப் போன்ற சிறு ஏஜென்சிக்காரர்களை அழைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஒரே சேதிதான். பேப்பர் படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், டிவி முன்னால் குடும்பமாக உட்காருவது நின்றுவிட்டது, எல்லோருடைய கண்ணும் கைப்பேசிக்குப் போய்விட்டது, ஆகவே வாடிக்கையாளரின் பணத்தையும் அங்கே கொண்டு போங்கள் என்கிறார்கள். இதில் பொய் கிடையாது. என் கணக்குப் புத்தகமே அதைத்தான் சொல்கிறது. இருந்தும், போன மாம்பழப் பருவத்துக்குப் பிறகு இந்தப் பேச்சை என்னால் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மக்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம். பார்த்ததை எதை வைத்து நம்புகிறார்கள், நம்பியது பொய்யாகப் போனால் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்பதை அளக்க யாரும் முனைவதில்லை. மக்கள் தொடர்பு என்று பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தொடாமல் இருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

நோட்டீஸ் கையில் இருந்தபோது

கிருஷ்ணகிரி போன்ற ஊரில் விளம்பரத்துக்கு வெகுகாலம் நான்கைந்து வழிகள்தான் இருந்தன. விடியற்காலையில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்துக்குப் போய் ஏஜென்டிடம் நோட்டீஸ் கட்டைக் கொடுத்தால், பையன்கள் ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒன்று செருகி வீடு வீடாகப் போட்டுவிடுவார்கள். ஆட்டோவில் மைக் கட்டி அனுப்புவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளி சந்தை, வெள்ளிக்கிழமை என்றால் குந்தாரப்பள்ளி சந்தை. உள்ளூர் கேபிளில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடும். வசதியுள்ள கடைகள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் எடுக்கும். எல்லை மாவட்டம் என்பதால் ஆடித் தள்ளுபடிக்கு முன்பே உகாதித் தள்ளுபடி வந்துவிடும். வேப்பனப்பள்ளி, பாகலூர் பக்கம் போகும் மைக் ஆட்டோ தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரு சுற்றுப் பேசியாக வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மைக் சத்தம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொல்லை. நோட்டீஸ்களில் மிகைப்படுத்தலுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஊரில் எல்லோரும் ஒரே நோட்டீஸைப் பார்த்தார்கள். அதன் பலத்தை ஒரு ஜவுளிக்கடையில் நேரில் கண்டேன். ஆடித் தள்ளுபடி தேதி முடிந்து சில நாள் கழித்து, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, பொடியாக மடித்து வைத்திருந்த ரோஸ் நிற நோட்டீஸைப் பிரித்துக் கல்லாவின் மேல் வைத்து, கையால் நீவிவிட்டார். முதலாளி கீழே இருந்த தேதியைக் காட்டினார். "பாதி விலை என்று இவ்வளவு பெரிதாகப் போடத் தெரிந்தவருக்கு, தேதியைப் பெரிதாகப் போடத் தெரியவில்லையா?" என்றார் அந்த அம்மா. குரல் உயரவே இல்லை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலும் அதே ரோஸ் காகிதம் கிடந்தது. முதலாளி பேசாமல் புடவையைப் பாதி விலைக்குக் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு நோட்டீஸ் அடிக்க வந்தபோது, தேதியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

எந்த அதிகாரியும் வந்து அந்த எழுத்தைப் பெரிதாக்கவில்லை. அந்த அம்மாவின் கையில் காகிதம் இருந்தது, சுற்றிலும் அதே காகிதத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்கொரு விளம்பரம்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் சந்தையில் கீரை விற்பவர் கையிலும் வீடியோ ஓடத் தொடங்கியது. 2020இல் கொரோனா வந்தபோது, பேப்பர் வழியாகத் தொற்று வரும் என்று பயந்து நிறுத்திய வீடுகளில் பல மறுபடி வாங்கவே இல்லை. அதே ஆண்டு ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. இதெல்லாம் எல்லோரும் பார்த்து வாழ்ந்த கதை.

கடைக்காரருக்கு இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து தரும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நோட்டீஸ் அடித்து விநியோகிக்கும் செலவை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இன்று ஊசி துணியில் ஏறி இறங்குவதை அரை நிமிடம் படம் பிடித்துப் போடுகிறார். தருமபுரியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் கல்யாண ரவிக்கைகள் வருகின்றன. பழைய ஏற்பாட்டில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

ஆனால் பெரிய கடை இதே கருவியைக் கையில் எடுக்கும்போது வேறொன்று நடக்கிறது. பத்து கிலோமீட்டர் சுற்றளவு, இந்த வயது, இந்த விருப்பம் என்று குறித்துக் கொடுத்தால், ஒரே வீட்டில் அம்மாவுக்கு நகைச் சீட்டு விளம்பரமும் மகளுக்கு எடை குறைந்த கம்மலும் மகனுக்கு வெள்ளிக் காப்பும் போகும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க மாட்டார். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்ட சலுகை இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். இன்று அந்த ஊத்தங்கரை அம்மா ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால், "அது வேறு வாடிக்கையாளர்களுக்கான சலுகை அம்மா" என்று கல்லாவிலிருந்து பதில் வரும். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்பதால் அவருக்காகப் பேசவும் முடியாது. விளம்பரம் செய்பவனாக எனக்கு இது வசதி. சாமான் வாங்குபவனாக இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

வெள்ளைப் பொட்டலம்

மாநிலத்தில் மாங்காய் அதிகம் விளையும் மாவட்டம் எங்களுடையது. கிளிமூக்கு பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போய்விடும். செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா எல்லாம் மண்டிகள் வழியாக வெளியூருக்கு ஏறும். என் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குச் சந்தூர் பக்கம் தோப்பும் மண்டியும் உண்டு, டவுனில் சில்லறைக் கடையும் உண்டு. போன பருவம் சூடுபிடித்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றத் தொடங்கியது. ஒரு கை மாம்பழப் பெட்டியைத் திறக்கிறது. பழங்களுக்கு நடுவே தேயிலைப் பொட்டலம் அளவில் ஒரு வெள்ளைப் பொட்டலம். அதை எடுத்துக் கேமராவுக்கு முன் ஆட்டி, "உங்கள் குழந்தைக்கு நீங்கள் ஊட்டும் விஷம் இதுதான்" என்கிறது ஒரு தமிழ்க் குரல். பெட்டியின் மேல் இருந்த எழுத்து இந்தி. சில நாளில் அதே படம் தெலுங்குக் குரலோடும் வந்தது. எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகள் அதிகம், அதனால் பலருக்கு அது இரண்டு முறை வந்து சேர்ந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பொட்டலத்தில் இருப்பது எத்திலீன் வாயுவை வெளியிடும் தூள். மாங்காய் பழுக்கும்போது தானாகவே வெளியிடுவதும் எத்திலீன்தான். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவு வரை அதைப் பயன்படுத்திப் பழுக்க வைக்க 2016இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது. தூள் பழத்தில் நேரடியாகப் படக்கூடாது என்பது நிபந்தனை. அதற்காகவே பொட்டலம். தடை செய்யப்பட்டது கால்சியம் கார்பைடு. எங்கள் பக்கத்தில் அதைக் 'கல்' என்பார்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டு விதிகளிலேயே அதற்குத் தடை உண்டு. ஆக, அனுமதித்த பொருளைக் காட்டி, தடை செய்த பொருளைப் பற்றிய பயத்தைக் கிளப்பிவிட்டது அந்த வீடியோ.

கடையில் நான் இருந்தபோதே ஒரு பெண் வந்து கைப்பேசியை நீட்டினார். "அண்ணா, இதே பொட்டலம் போன வாரம் உங்கள் பெட்டியிலும் இருந்ததே?" இருந்தது உண்மை. அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, ஆனால் அது வேறு என்று சொல்லத் தொடங்கினால் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது. அரை நிமிடத்தில் கிளம்பிய பயத்தைத் தணிக்கப் பத்து நிமிடம் வேதியியல் பேச வேண்டியிருந்தது.

மண்டிக்காரரின் விருப்பப்படி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு விளக்க விளம்பரம் கொடுத்தோம். கச்சிதமாக வந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கடை முகப்பில் ஒட்டியும் வைத்தார். வீடியோ பார்த்தவர்கள் யாரும் விளம்பரத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. விளம்பரத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் மட்டும், "என்ன வீடியோ? மாம்பழத்தில் என்ன பிரச்சினை?" என்று விசாரித்துவிட்டு, வாங்காமல் போனார்.

பிறகு, உள்ளூரில் உணவு வீடியோ போடும் ஓர் இளைஞர் கூப்பிட்டார். மண்டிக்கு வந்து பழம் சாப்பிட்டுக் காட்டி, 'நான் பல வருடமாக இங்கேதான் வாங்குகிறேன்' என்று பேசித் தருவதாகவும், அதற்கு இவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். பணம் வாங்கியதை வீடியோவில் தெரிவிப்பீர்களா என்று கேட்டேன். "விளம்பரம் என்று போட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் சார்" என்றார். அவர் சொன்னது வியாபார உண்மை. ஆனால் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்களின்படி அது கூடாது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்பவர் அந்த உறவைத் தெரிவித்தாக வேண்டும். அது எளிய சொல்லில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் விளக்கமும் வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று தீர்மானமானால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. எங்கள் மாவட்டத்தில் வீடியோ போடும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அப்போதுதான் கேள்விப்படுவது போலப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. மண்டிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். அந்த இளைஞர் கடைக்கு இதுவரை ஒரு முறைகூட வந்ததில்லை என்பது அவர் மனதை உறுத்தியது.

கேட்கப்பட்ட கேள்வி

பழுக்க வைக்கும் அறைக்கு முதலில் வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் படித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மண்டிக்காரரும் அவர்களில் ஒருவர். சென்னையில் இருக்கும் மகளுக்கு வழக்கமாகப் பெட்டி அனுப்புகிறவர். இந்த முறை அனுப்பலாமா என்று தானே பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். பேரன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே நடந்தான், அம்மாவுக்குக் காட்ட.

அறை வெளிச்சம் குறைவாக, இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனையோடு இருந்தது. அடுக்கிய கிரேட்டுகளில் ஒன்றை இழுத்து, பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார் மண்டிக்காரர். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதில் அச்சிட்டிருந்ததை முழுதும் படித்தார். பிரிக்கச் சொன்னார். முகர்ந்தார். எத்தனை பழத்துக்கு ஒரு பொட்டலம், எத்தனை மணி நேரம், பிறகு பொட்டலத்தை எங்கே போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்து, "நீ கல் வைத்ததே இல்லையா?" என்றார்.

மண்டிக்காரர் உடனே பேசவில்லை. கிரேட்டை உள்ளே தள்ளிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வைத்திருக்கிறேன் டீச்சர். எல்லோரும் வைத்த காலத்தில் நானும் வைத்தேன். அதிகாரிகள் வந்து பழத்தையெல்லாம் கொட்டி அழித்தார்கள். அதற்குப் பிறகு வைக்கவில்லை."

அவருடைய மகன் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பும்படி பேரனிடம் கெஞ்சினான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதை வெட்டினால் நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பெட்டி வாங்கலாம் என்று தோன்றியது" என்றார். அவரே முழு வீடியோவையும் ஓய்வூதியர் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டார். அடுத்த நாட்களில் அறையைப் பார்க்க வேண்டும் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடையில் கூட்டம் திரும்பியது.

இந்தத் தொழிலில் முதல் பாடமே, பாதகமானதை எடுத்துவிட்டு மீதியைக் காட்டுவதுதான். பேப்பர் விளம்பரமோ, டிவியோ, ரீலோ, எதுவாக இருந்தாலும் அந்த வரியை வெட்டியிருப்பார்கள். ஆனால் அவர் ஒரு காலத்தில் கல் வைத்தவர் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்திருந்தால், தெரியாததைப் பற்றி அவர் சொன்னதையும் நம்பியிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்டவர் யாராலும் விலைக்கு வாங்க முடியாதவர், பதில் சொன்னவர் தனக்கு எதிரான ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். இந்த இரண்டும் சேர்ந்த ஒரு விளம்பரத்தை எந்த ஏஜென்சியாலும் தயாரிக்க முடியாது என்று எனக்கு அப்போது உறைத்தது.

டீச்சரைத் தெரியாத ஊர்

அதே வீடியோவைப் பெங்களூரில் உள்ள மொத்த வியாபாரிக்கும் அனுப்பினோம். அவருக்குத் தமிழ் நன்றாக வரும். பார்த்துவிட்டு, "யார் இந்த அம்மா?" என்று கேட்டார். ஆர்டரைக் குறைத்தவர் குறைத்தபடியே இருந்தார். டீச்சரின் சொல் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கும் எல்லை வரைதான் செல்லும். பொய் வீடியோவுக்கு அப்படி எல்லை கிடையாது. அதன் குரலை யாருக்குமே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி 2018இல் கட்டுப்பாடு வந்தது. வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம். இன்று அதே படம் ரீலாக வரும்போது யாரும் அனுப்பக்கூடத் தேவையில்லை, தானே வந்து நிற்கிறது. 2025 கோடைத் தொடக்கத்தில் தர்ப்பூசணிக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நிறமூட்டி கலக்கிறார்கள் என்ற பேச்சு வீடியோவாகப் பரவி, விலை சரிந்து, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். தர்ப்பூசணியைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அரசுத் தரப்பிலிருந்தே விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனையோ தோட்டங்களில் பழம் அழுகிவிட்டது.

முன்பு இந்த இடைவெளியை நாளிதழ் நிரப்பியது. சேலத்தில் இருப்பவருக்கு எங்கள் மண்டிக்காரரைத் தெரியாது, ஆனால் அந்தப் பேப்பரைத் தெரியும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் பத்திரிகையில் இருந்தாக வேண்டும். பேப்பரின் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பொடி எழுத்து இன்றும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, ஆனால் வழக்குப் போட வேண்டுமென்றால் யார் மேல் போடுவது என்பது அதில் இருக்கிறது. பத்திரிகைகளும் பணம் வாங்கிக்கொண்டு செய்தி போட்டதுண்டு. 2009 தேர்தலுக்குப் பிறகு பிரஸ் கவுன்சிலே அதை விசாரித்தது. அப்படி விசாரிக்க ஒரு முகவரி இருந்தது. வெள்ளைப் பொட்டலத்தை ஆட்டிய கைக்கு முகவரி கிடையாது.

ஓசூர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்ட ஓர் இளைஞர், "அந்த டீச்சரை வைத்தே வாரம் ஒரு வீடியோ எடுக்கலாமே சார், நல்ல முகம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காசு கைமாறிய நிமிடமே டீச்சர் கேட்கும் கேள்விக்கு மதிப்புப் போய்விடும் என்பதை அந்த இளைஞருக்கு எப்படிப் புரிய வைப்பது? ஊரில் மிச்சம் இருக்கும் இத்தகைய மனிதர்களையும் ஒவ்வொருவராக விலை பேசி முடித்துவிட்டால், பிறகு யாரை வைத்து யாரை நம்ப வைப்போம்?

வரும் பருவத்துக்காக மண்டிக்காரர்கள் சிலரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கொரு தொகை போட்டுப் பழங்களை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவைத் தேதியோடும் பெயரோடும் வெளியிடலாம் என்கிறேன். பெட்டிக்கு மேல் மண்டியின் பெயர், உரிம எண், கைப்பேசி எண், எத்திலீன் முறையில் பழுக்க வைத்தது என்ற வாசகம், எல்லாவற்றையும் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டலாம் என்கிறேன். ஒரு மண்டி தப்புச் செய்தால் எல்லோர் பெயரும் சேர்ந்து கெடுமே என்பது சிலருடைய பயம். எத்திலீன் என்ற எழுத்தைப் பார்த்தாலே பெங்களூரில் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள் என்பது இன்னும் சிலருடைய பயம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதனால் பேச்சு இன்னும் முடியவில்லை. டீச்சருக்குப் பதில் சொன்ன மண்டிக்காரர் மட்டும், மற்றவர்கள் வரட்டும் வராமல் போகட்டும் என்று, தன் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்க முன்பணம் கொடுத்திருக்கிறார். கன்னட வாசகத்தைச் சரிபார்க்கத் தேன்கனிக்கோட்டையில் ஒரு நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன்.